சந்தேகம் வந்தால் மம்பிள்

மூன்றாம் மாடியில், சன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் போட்ட மூன்று மேசைகள். மூன்று பேர். காதில் தடித்த கறுப்பு ஹெட்போன். ஒரு நாளைக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் துண்டு ஒலி வரும். ஒவ்வொன்றும் ஐந்து நொடி, ஆறு நொடி. யாரோ அழுவார்கள், யாரோ கத்துவார்கள், யாரோ செருமுவார்கள். யார், எங்கே, எதற்கு என்பதெல்லாம் தெரியாது. கேட்ட சத்தத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கவே மனிதர்கள் ஆறு மாதம் சண்டை போடுகிறார்கள். இங்கே அரை நிமிடத்துக்கு ஒரு பெயர்.

பெயர்கள் முப்பத்தொன்று. எல்லாம் ஆங்கிலம். திரையின் அடியில் சின்னச் சின்னச் சதுரங்களாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். விஸ்பர் வெளிர் நீலம், ஸ்க்ரீம் ரத்தச் சிவப்பு, குரோன் செங்கல் நிறம், மம்பிள் சாம்பல்.

இந்த வேலைக்கு வருமுன் செவிடனுக்கு இவற்றில் நாலு வார்த்தைதான் தெரியும். செவிடன் என்பது அலுவலகத்தில் விழுந்த பெயர். ஹெட்போனை மாட்டிவிட்டால் பின்னால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான் என்பதால் வைத்தார்கள். வைத்தவன் பக்கத்து மேசைக்காரன். அவன் எதைக் கேட்டாலும் நாக்கைச் சப்புக்கொட்டி 'த்ச்' என்பான். அதனால் அவன் பல்லி. மூன்றாவது மேசையில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் இங்கே வந்தவர். வார்த்தைகளை மற்ற இருவருக்கும் புரியவைத்தது அவர்தான்.

"மம்பிள்னா வாய்க்குள்ளேயே பேசறது. வார்த்தை இருக்கும், வெளிய வராது. மட்டர்னா அதையே எரிச்சலோட பண்றது. ஆபீஸர் திட்டிட்டுப் போனப்புறம் நீ பண்ற பாரு, அது மட்டர்."

"நான் அப்பவும் 'த்ச்'தான் டீச்சர்," என்றான் பல்லி.

"உனக்குத் தனிச் சதுரம் போடணும். விம்பர்னா அடிபட்ட நாய்க்குட்டி. சாப்னா தேம்பல். மோனும் குரோனும் ரெண்டும் முனகல் மாதிரியே இருக்கும், ஆனா குரோன்ல வலி இருக்கும். மோன் நீளமா இழுத்துக்கிட்டே போகும். குரோன் அடிவயித்துல இருந்து ஒரே மூச்சுல வந்து விழும்."

"அனத்தறதுன்னு சொல்லுவோமே, அது எது?" என்று செவிடன் கேட்டான்.

டீச்சர் திரையின் சதுரங்களில் விரலை ஓட்டித் தேடினார். "காய்ச்சல்ல அனத்தறதா? அது பாதி மோன், பாதி மம்பிள். ரெண்டுல ஒண்ணப் போட்டுக்கோ. அவங்க ஊர்ல எல்லாம் மாத்திரை போட்டுட்டுச் சத்தமில்லாமப் படுத்துருவாங்க போல."

வேலையில் ஒரு விதி இருந்தது. ஒரே துண்டை மூவரும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டு பேர் ஒரே பெயர் வைத்தால் அந்தப் பெயர் நிற்கும். தனியாக நின்றவனுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூவரும் மூன்று பெயர் வைத்தால் மூவருக்கும் புள்ளி. மாதத்தில் பத்துப் புள்ளி விழுந்தால் அடுத்த மாதம் வர வேண்டாம். புள்ளியை எண்ணுகிறவர் மேற்பார்வையாளர். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, சித்தாள் கல் சுமக்கிறாளா என்று பார்ப்பதுபோல நடப்பார். மேஸ்திரி.

முதல் மாதம் சமாளித்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வேறு வகைத் துண்டுகள் வரத் தொடங்கின. எல்லாம் வயதான குரல்கள். பின்னணியில் எங்கோ சக்கரம் உருளும், இரும்புக் கட்டில் கிறீச்சிடும். குரல்கள் குழறின. பல் இல்லாத வாய், பாதி செத்த நாக்கு. பேசுகிறார்களா, அழுகிறார்களா, சும்மா மூச்சு விடுகிறார்களா என்றே பிடிபடவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் டீச்சருக்கு ஏழு புள்ளி, பல்லிக்கு எட்டு, செவிடனுக்கு எட்டு.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று தேநீர் குடித்தபோது வழி சொன்னது செவிடன்தான்.

"சந்தேகம் வந்தா மம்பிள். மூணு பேரும். யாரும் தனியா நிக்க வேணாம்."

"அது ஏமாத்து இல்லையா?" என்றார் டீச்சர்.

"என்னன்னு தெரியாத சத்தத்துக்கு என்னன்னு தெரியாத மாதிரி ஒரு பேரு. இதுல என்ன ஏமாத்து?"

"ஊரோட ஒத்துப் போறதுதான் டீச்சர்," என்றான் பல்லி. "த்ச். எனக்குச் சம்மதம்."

டீச்சர் குவளையின் அடியில் இருந்த கடைசி வாயைக் குடித்துவிட்டு, சரி என்று சொல்லாமலே சரி என்றார். அன்றிலிருந்து புள்ளி விழுவது நின்றது. ஏழு மாதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒற்றுமை என்று மேஸ்திரி சுவரில் காகிதம் ஒட்டினார். எல்லா மாடியிலும் இவர்கள்தான் முதல். வேலையும் லகுவாயிற்று. காது தானாகவே சோம்பிப்போனது. தொடக்கத்தில் சந்தேகம் வந்தால் மம்பிள் போட்டார்கள். போகப்போகச் சந்தேகப்படுகிற சிரமத்தையும் விட்டுவிட்டார்கள்.

செவிடன் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. இதற்கு முன் ஆறு வருடம் ராத்திரி ஷிப்டில் தொலைபேசியில் வசவு வாங்கி, வயிறும் தூக்கமும் கெட்டு, ஒரு நாள் பாதி அழைப்பில் எழுந்து வீட்டுக்கு வந்தவன். வசவைக் கேட்டுப் பதில் சொல்லாமல், பெயர் மட்டும் வைத்தால் போதும் என்கிற வேலை அவனுக்குச் சொர்க்கம். மூன்று மணிக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை.

இதற்கிடையில்தான் மாமியார் விழுந்தார்.

மாமியார் வாய் பெரிய வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது உண்மையென்றால் அவர் இருநூறு வயது வாழ வேண்டியவர். ஆனால் மாப்பிள்ளையை நேருக்கு நேர் ஏசியதில்லை, மரியாதை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சில பேரு வேலைய விட்டுட்டு வந்து பகல்ல தூங்கறாங்க, நமக்கென்ன," என்பார். சுவர் பதில் சொல்லாது, செவிடனும் சொல்ல மாட்டான். பதினான்கு வருடமாக இப்படிச் சாடையிலேயே குடும்பம் நடந்தது. ஒரு காலை குளியலறை வாசலில் சரிந்தார். வலது கை, வலது கால் போயிற்று. கூடவே பேச்சும் போயிற்று. புரிகிறது, ஆனால் வார்த்தை வரவில்லை. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கையாலேயே தண்ணீர் வேண்டும், போர்வை வேண்டாம், போய்த் தொலை என்று எல்லாவற்றையும் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, அதன் பின் பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற ஒரு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வார்டில் பன்னிரண்டு கட்டில். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி.

"அது காதும்மா," என்று சிஸ்டர் செவிடனின் மனைவிக்கு விளக்கினாள். "பேஷன்ட் வலியில சத்தம் போட்டா இங்க என் மேசையில விளக்கு எரியும். நாங்க ஓடி வந்துருவோம்."

"முன்னாடி எத்தனை சிஸ்டர் இருந்தீங்க?"

"மூணு பேரு. இப்ப நான் ஒருத்திதான். அதான் காது இருக்கே."

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். ஏழு மணி வரை வேலை. அதனால் பார்வை நேரமான நாலு மணிக்குச் செவிடன்தான் போவான். கட்டில் பக்கத்தில் உட்காருவான். மாமியார் இடது கையால் சுவரைக் காட்டி, பிறகு அவனைக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவனுக்குப் புரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவன் போனபோது மாமியார் இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தார். இடது மேற்கை கட்டிலின் இரும்புத் தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டி, உடம்பு மொத்தமும் அதன் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் செத்த பக்கம், புரண்டு எழ வழி இல்லை. முகம் முழுக்க வியர்வை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. சத்தம் போட்டுப்போட்டுத் தொண்டை கிழிந்திருந்தது.

அவனும் சிஸ்டருமாகத் தூக்கி எடுத்தார்கள். மேற்கையில் இரும்புக் கம்பியின் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. மணிக்கட்டு வாடிய தண்டுபோலத் தொங்கிற்று. விரலை அசைக்கச் சொன்னார் டாக்டர். அசையவில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, எலும்பு தப்பித்தது, விரல் திரும்பி வரும், வாரமும் ஆகலாம், மாதமும் ஆகலாம் என்றார்.

"எவ்வளவு நேரமாக் கெடந்தாங்க?" என்று செவிடன் கேட்டான்.

சிஸ்டர் தன் மேசையைக் காட்டினாள். "சத்தியமா விளக்கு எரியலைங்க. சாப்பாடு குடுத்துட்டு ஒரு மணிக்குப் பாத்தேன், நல்லாத்தான் இருந்தாங்க. அந்தக் கோடில ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், அங்கயே நின்னுட்டேன். எரிஞ்சிருந்தா வந்திருப்பேன். நீங்களே பாருங்க."

மேசைத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஒன்பதாம் கட்டில். மணி ஒன்று பத்திலிருந்து நாலு வரை, கேட்ட சத்தமெல்லாம் நேரத்தோடு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னச் சதுரம். சாம்பல். சாம்பல். சாம்பல். அறுபத்துமூன்று வரி. அறுபத்துமூன்றும் மம்பிள்.

செவிடன் திரையைப் பார்த்தபடி நின்றான். அதே சாம்பல். விரலால் கீழே தள்ளினான். விஸ்பர் வெளிர் நீலம். ஸ்க்ரீம் ரத்தச் சிவப்பு. குரோன் செங்கல். முப்பத்தொன்று, அதே வரிசையில்.

"மம்பிள்னா விளக்கு எரியாதா?"

"எரியாது. சும்மா தனக்குத்தானே பேசிக்கறாங்கன்னு அர்த்தமாம். குரோன், விம்பர், ஸ்க்ரீம் வந்தாத்தான் எரியும்."

வார்டில் ஒரு சக்கர வண்டி உருண்டது. கோடியில் யாரோ கட்டிலை உயர்த்தினார்கள், இரும்பு கிறீச்சிட்டது. ஏழு மாதமாக ஹெட்போனில் கேட்ட சத்தம். இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட அவன் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு மணி நேரம்ங்க. ஒருத்தர் காதுலயும் விழலையா?"

"விழுந்துச்சு. பெட்டி கேட்டுச்சு. மம்பிள்னு எழுதி வெச்சுக்கிச்சு."

"அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர்த் தொட்டி, தேநீர், யோசனை சொன்னது யார் என்பது வரை. மறைக்கலாம் என்று நினைத்தான். மறைக்கிற தெம்பு இல்லை.

"அப்ப நீங்கதான் போட்டீங்க."

"நான் மட்டும் இல்ல."

"நான் மட்டும் இல்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். "நான் ரத்தம் எடுக்கறேன். தப்பான டியூப்ல பேர ஒட்டிட்டேன்னு தெரிஞ்சா, அந்த நிமிஷமே எடுத்து மாத்துவேன். வெளிய போயிருந்தா ஓடிப்போய்த் திருப்பி வாங்குவேன். மாத்த வழி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. ஆனா ரெண்டு பேர் வேணும்."

திரையின் மேல்மூலையில் 'திரும்பக் கேள்' என்று ஒரு பொத்தான் உண்டு. அமைத்ததோடு சரி, யாரும் தொட்டதில்லை. ஒரு துண்டுக்கு வைத்த பெயர் தவறு என்று ஒரே நாளில் மூவரில் இருவர் அதை அழுத்தினால், அந்தப் பெயர் வாங்கிய அத்தனை துண்டுகளும் மறுபடி கேட்புக்கு வரும். தவறாகப் போட்ட ஒவ்வொன்றுக்கும் மூவருக்கும் புள்ளி. ஒருவர் மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அழுத்தியவருக்கு மட்டும் ஒரு புள்ளி.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி நிழலில் செவிடன் அதைச் சொன்னபோது பல்லி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"எத்தனை துண்டு இருக்கும்?"

"மம்பிள் மட்டும் முப்பத்தெட்டாயிரம்."

"த்ச். அதுல பத்துத் தப்பு இருந்தா நாம வெளிய. ஒன்பதுல நிறுத்த முடியாதா?"

"விளையாடாத."

"நான் விளையாடல செவிடா. எனக்கு இந்த நாற்காலிதான் இருக்கு. முன்னாடி மூட்டை தூக்கினவன் நான். முதுகு அதுக்குமேல ஆகாதுன்னு சொல்லிருச்சு."

டீச்சர் நேராகவே சொன்னார். "தம்பி, உன் மாமியாருக்கு நடந்தது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கடன் அடைய இன்னும் ரெண்டு வருஷம் வேணும். அது வரைக்கும் ஓடியாகணும். நான் அழுத்த மாட்டேன். இன்னிலருந்து ஒழுங்காக் கேக்கறேன், அவ்வளவுதான் முடியும்."

"இன்னிலருந்து கேட்டா, பழைய முப்பத்தெட்டாயிரமும் பெட்டிக்குள்ள அப்படியேதான இருக்கும் டீச்சர்? அதத்தான அது படிச்சிருக்கு?"

"இருக்கும்," என்றார் டீச்சர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

செவிடன் மேஸ்திரியிடமும் போனான். மேஸ்திரி கையை முதுகிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக் கேட்டார். அவருக்கு விஷயம் உடனே புரிந்தது, அதுதான் சங்கடம்.

"இத நீ என்கிட்ட சொல்லல," என்றார். "நான் கேக்கல. தொண்ணூத்தாறுன்னு சுவத்துல இருக்கு பாரு, அதப் பாத்துத்தான் இந்த மாடிக்கே வேலை வருது. போ. போய் உக்காரு."

"மூணு பேர்ல ரெண்டு பேர் அழுத்தினா?"

"அழுத்தினா எனக்கு மேல இருக்கறவங்களுக்குப் போயிரும். அப்ப நான் என்ன, என் அப்பன் வந்தாலும் நிறுத்த முடியாது." கையை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டு, "யாரு அழுத்தப் போறா?" என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் தானாகவே அவனுடன் பேருந்தில் ஏறினார். பார்த்துவிட்டு வருகிறேன், வேறு ஒன்றும் எதிர்பார்க்காதே என்றார். இரண்டு ஆரஞ்சுப்பழம் வாங்கியிருந்தார்.

மாமியாரின் இடது கையைத் துணியால் கட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் அந்தக் கையைத் தூக்கப் பார்த்தார். தோள் மட்டும் அசைந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நீளமாக, அடித்தொண்டையில்.

"மோன்," என்றார் டீச்சர், பழக்க தோஷத்தில்.

"இல்ல டீச்சர். குரோன். கடைசியில விழுது பாருங்க."

"விழல. இழுக்குது. வலி இருந்தா முதல்லயே அழுத்தம் வரும்."

"கை வலிக்குதுல்ல, எப்படி வலி இல்லாம இருக்கும்?"

"நீ காதால கேக்கல, தெரிஞ்சத வெச்சுச் சொல்ற. திரும்ப வரட்டும்."

இருவரும் குனிந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். மாமியார் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிறகு அவர்களை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தபடி, மூக்கும் தொண்டையும் சேர்ந்த ஒரு சத்தம் விட்டார். குட்டையாக, கறாராக, முடிவில் ஒரு வெட்டு.

டீச்சர் நிமிர்ந்தார். "இது என்ன? மூக்குச் சீறல், ஸ்னார்ட்டா? உறுமல், கிரண்ட்டா? முப்பத்தொண்ணுல எதுலயும் உக்காரல."

"அது சாடை டீச்சர். எனக்கு. மனுஷி வலியில கெடக்கா, ரெண்டும் நின்னு வேடிக்கை பாக்குதுங்கன்னு சொல்றாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழத்தை உரித்தார். சுளையின் நாரை எடுத்து, சாறாகப் பிழிந்து, கரண்டியால் மாமியார் வாயில் விட்டார். பழம் முடிந்தது. பேருந்து நிறுத்தம் வரை அவனோடு நடந்து வந்தார்.

"என்னால முடியாது தம்பி," என்றார், பேருந்து வரும்போது. "பாத்துட்டேன். பாத்த பின்னாடியும் முடியாது. இதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு."

அவன் அவரைக் குறை சொல்லவில்லை. ஏழு மாதம் அவனுக்கும் முடியாமல்தானே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியதும் செவிடன் பழைய துண்டுகளுக்குப் போய், ஒரு கிழவரின் குரலைத் தேடி எடுத்தான். மூன்று மாதத்துக்கு முன் வந்தது. அன்றே உள்ளுக்குள் எங்கோ உறுத்தியதால் நினைவிருந்தது. மறுபடி கேட்டான். சந்தேகமே இல்லை, குரோன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். கீழே சாம்பல் சதுரம் இருந்தது, மூன்று பேரும் போட்டது. 'திரும்பக் கேள்' பொத்தானை அழுத்தினான். திரையில் 'ஒருவர் கோரியுள்ளார்' என்று எழுத்து வந்தது. மூன்று மேசையிலும் வந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் அடுத்த துண்டைப் போட்டார். பல்லி 'த்ச்' சொல்லவில்லை. மேஸ்திரி இரண்டு முறை பின்னால் நடந்தார். இரண்டு முறையும் அந்த எழுத்தைப் பார்த்தார், போனார். பத்து மணி ஆயிற்று. தேநீர் நேரத்தில் மூவரும் மூன்று மூலையில் நின்று குடித்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. செவிடன் வந்த துண்டுகளை ஒழுங்காகக் கேட்டுப் போட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி விழுந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் இந்தக் கணக்கில் போனால் எப்படியும் வெளியேதான் என்று தெரிந்தது. ஆத்திரம்கூட வரவில்லை. தூக்கம் வந்தது.

இரண்டு ஐம்பதுக்குத் திரையில் எழுத்து மாறியது. 'இருவர் கோரியுள்ளனர். துண்டுகள் திறக்கப்படுகின்றன.'

செவிடன் ஹெட்போனைக் கழற்றினான். டீச்சரைப் பார்த்தான். டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். அவர் பார்வை பல்லியிடம் போயிற்று.

பல்லி நாற்காலியில் சாய்ந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னய்யா பாக்கற? நான்தான்."

"ஏன்டா?"

"உன் மாமியாருக்காகன்னு நினைச்சுக்காத. அவங்கள எனக்குத் தெரியாது." கண்ணைத் தேய்த்தான். "நேத்து வீட்டுல என் பொண்டாட்டி ஏதோ சொல்றா. வாய் அசையுது, காதுல விழுது, மனசுல மம்பிள்னு ஓடுது. அடுத்ததுக்குப் போயிட்டேன். அவ வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது, வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. தெளிவா, முழு வார்த்தையில சொல்லியிருக்கா. மூணு தடவை."

"இப்ப எப்படி இருக்கா?"

"பரவால்ல. என்கூடப் பேசல. பேசாம இருக்கறது நல்லாத் தெளிவாக் கேக்குது."

டீச்சர் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மேலிடத்துக்கு விஷயம் போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மேஸ்திரி மூவரையும் அழைத்தார். சுவரில் தொண்ணூற்றாறு காகிதத்தைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

"முப்பத்தெட்டாயிரத்தையும் திரும்பக் கேக்கணும்னு உத்தரவு. உங்கள இன்னிக்கே அனுப்பிட்டு யார வெச்சுக் கேக்கறது? புது ஆளுக்கு மோன் எது, குரோன் எதுன்னு சொல்லிக்குடுக்கவே மூணு மாசம் ஆகும். நீங்களே கேட்டு முடிங்க. முடிச்சப்புறம் புள்ளிய எண்ணிக்கலாம்."

"எண்ணி?" என்றான் பல்லி.

"எண்ணி என்ன பண்ணுவாங்கன்னு உனக்கே தெரியும். இது முடிய அஞ்சு மாசம் ஆகும். அது வரைக்கும் வேலை இருக்குன்னு சந்தோஷப்படு."

அன்றிலிருந்து ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் என்பது முந்நூறாகக் குறைந்தது. சந்தேகம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். மூவரும் ஹெட்போனைக் கழற்றி, ஒரே ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டு, சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். டீச்சர் அவர்கள் இருவரிடமும் வேறு எதுவும் பேசுவதில்லை. ஆனால் துண்டு என்று வந்தால் விடமாட்டார்.

"இது விம்பர். எழுதிக்கோங்க."

"மோன் மாதிரி இருக்கே டீச்சர்."

"மோன் மாதிரி இருக்கறதெல்லாம் மோன் இல்ல. மூச்சு உள்ள போறப்பச் சத்தம் வருது, கேளுங்க. பயந்திருக்காங்க. யாரோ கிட்ட வர்றாங்க, அவங்களுக்குப் பிடிக்கல."

மறுபடி போட்டார்கள். மூச்சு உள்ளே போகும்போது சத்தம் வந்தது. பல்லி விம்பரை அழுத்தினான். ஒரு துண்டுக்குச் சில சமயம் பத்து நிமிடம் ஆயிற்று. மாலையில் தலை கனத்தது. முன்பு இல்லாத தலைவலி இது. கேட்பது இவ்வளவு பெரிய வேலை என்று மூவருக்கும் இப்போதுதான் உடம்பு சொல்லிற்று.

பெட்டிக்கு அது எப்போது போய்ச் சேரும் என்று செவிடன் இல்லத்தில் விசாரித்தான். புதுப் பாடம் வருட முடிவில் ஏற்றுவார்கள் என்றாள் சிஸ்டர். அது வரை பழையதுதான். இன்னொரு சிஸ்டரை வேலைக்குப் போடச் சொல்லி எழுதியிருக்கிறாளாம், பதில் வரவில்லை.

எனவே அவன் சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, பார்வை நேரம் பாராமல் மூன்று மணிக்கு மேல் அங்கேயே உட்கார்ந்தான். மனைவி ஏழு மணிக்கு வந்து மாற்றுவாள். காலையில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் இரண்டு கட்டிலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இடையில் பத்திலிருந்து மூன்று வரை யாரும் இல்லை. அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் மாமியாரின் இடது சுண்டுவிரல் கொஞ்சம் அசைந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார் டாக்டர். மாமியாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிடன் நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தான். தலைக்கு மேல் வெள்ளைப் பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது.

மாமியார் சத்தம் போட்டார். சிறிய சத்தம். வலியா, தாகமா, அவன்மேல் எரிச்சலா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தான். முகமும் சொல்லவில்லை.

எழுந்து சிஸ்டரின் மேசைக்குப் போனான். விளக்கு எரியவில்லை.

"ஒன்பதாம் கட்டில்," என்றான்.

"என்ன பண்ணுது அவங்களுக்கு?"

"தெரியல. வந்து பாருங்க."

சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். கோடிக் கட்டிலிலிருந்தும் யாரோ கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவனோடு வந்தாள். போர்வையை விலக்கினாள், காலைத் தொட்டாள், முதுகுக்குக் கீழே கையைவிட்டுத் தடவினாள். விரிப்பு சுருண்டு, இடுப்புக்குக் கீழே கயிறுபோல ஒரு மடிப்பு. தோல் சிவந்திருந்தது. இன்னும் புண்ணாகவில்லை.

"அந்தப் பக்கம் புடிங்க," என்றாள்.

அவன் பிடித்தான்.